எலியம்மா இடம் மாற்றிய ஐந்து குஞ்சுகள்

அவளுக்கு எலியம்மா என்று பெயர் வைத்தது யார் என்று இன்று யாருக்கும் தெரியாது. கேலிக்குத்தான் வைத்திருப்பார்கள். அவள் அதைப் பட்டம் கொடுத்த மாதிரி வாங்கிக்கொண்டாள். புதிதாக வேலைக்கு வந்த காவலாளி ஒருவர் வாசலில் பெயர் கேட்டபோது "எலியம்மா" என்றாள். அவர் சிரித்துவிட்டார். "என்ன சிரிப்பு? நீங்க யானை மேய்க்கிற ஆளா?" என்று கேட்டுவிட்டுப் படியேறினாள். அன்றிலிருந்து அவளைக் கண்டால் அவர் எழுந்து நிற்கிறார்.

ஆராய்ச்சிக்கூடத்தின் மூன்றாவது மாடியில் கடைசிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது எலி அறை. சன்னல் கிடையாது. காலை ஆறு மணிக்கு விளக்கு தானாக எரியும், மாலை ஆறு மணிக்குத் தானாக அணையும். உள்ளே போகுமுன் உடையை மாற்றி, தலைக்குத் தொப்பி, வாய்க்குத் துணி, கைக்கு இரண்டு அடுக்கு உறை. வெளியிலிருந்து ஒரு கிருமிகூட உள்ளே போய்விடக் கூடாது. இருபத்தேழு வருடமாக அவள் இதைச் செய்கிறாள். சொந்தக் கல்யாணத்துக்குக்கூட இத்தனை சிரத்தையாக அலங்காரம் செய்துகொண்டதில்லை என்று அவளே சொல்வாள்.

உள்ளே தட்டுத்தட்டாகத் தொண்ணூறு பிளாஸ்டிக் பெட்டிகள். நீராவியில் வேகவைத்த மரச்சீவல் பரப்பி, உருண்டைத் தீனி போட்டு, தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகச் செருகியிருக்கும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சொன்னவர் இங்கே வந்து பார்த்திருந்தால் மனம் குளிர்ந்திருப்பார். ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அட்டை தொங்கும். எந்த ரகம், தாயின் எண் என்ன, பிறந்த தேதி என்ன என்று அதில் இருக்கும். அந்த அட்டைதான் இங்கே உயிர். அட்டை மாறினால் ஆராய்ச்சி முழுவதும் குப்பைக்குப் போகும். இருபத்தேழு வருடத்தில் எலியம்மா கையில் ஓர் அட்டை மாறியது கிடையாது. படிப்பு எட்டாவதோடு நின்றுபோனவள், டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் அவசரத்தில் மாற்றிச் செருகிய அட்டைகளை எத்தனையோ முறை திருத்தி வைத்திருக்கிறாள். அதை யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. மனதுக்குள் எண்ணி வைத்திருந்தாள், அது வேறு.

வீட்டில் கணவர் பஸ் ஓட்டுநர். வாய்க்கு வாய் "மலையைக் கெல்லி எலியைப் புடிச்சவ" என்று பெண்டாட்டியைச் சீண்டுவார். நாத்தனார் வரும்போதெல்லாம் மூக்கைச் சுருக்குவாள். "அண்ணி, எலி வாடை அடிக்குது."

"உங்க அண்ணன் மேல டீசல் வாடை அடிக்கும்போது மூக்கை எங்க கழட்டி வெச்சிருந்தே?" என்பாள் எலியம்மா. இப்படி வாய்க்கு வாய் கொடுத்தே காலம் ஓடிக்கொண்டிருந்தது.

எலி அறையில் அப்போது ஒரே ஆராய்ச்சிதான் நடந்தது. அதை நடத்தியவளை எல்லோரும் கண்ணாடி என்பார்கள். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றிக்கு மேல் இன்னொரு கண்ணாடி என்று எப்போதும் இரண்டோடு திரிகிறவள். முப்பத்தைந்து வயது, மூக்குக்கு மேலே கோபம். உடம்புக்குள் வரும் கிருமியைத் தேடிப்போய் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி என்கிற எதிர்ப்பொருளைப் பற்றித்தான் அவளுடைய ஆராய்ச்சி. வெறும் ரத்தத்தில் இருப்பது மட்டுமில்லை, குடலுக்குள்ளும் அது நாள்தோறும் சுரந்துகொண்டே இருக்கிறது. குடலிலோ கெட்ட கிருமிகளை விட, செரிமானத்துக்கு உதவி செய்து குடித்தனம் நடத்தும் நல்ல பாக்டீரியாக்கள்தான் அதிகம். எதிர்ப்பொருள் இல்லாமலே போனால் அவை என்ன ஆகும்? காவல்காரன் இல்லாத தோட்டம் மாதிரி தாறுமாறாகப் பெருகும் என்பது கண்ணாடியின் கணக்கு.

அதற்காக எதிர்ப்பொருளே சுரக்காத ஒரு ரக எலியை வரவழைத்தாள். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண எலிகள். எல்லாமே கிருமி படாமல் வளர்க்கப்பட்டவை. இரண்டு ரகத் தாய்களுக்கும் ஒரே நல்ல பாக்டீரியாவைச் சொட்டு மருந்துபோல் கொடுத்தார்கள். தாயிடமிருந்து அது குஞ்சுகளின் வயிற்றுக்கும் போகும். பிறகு வாரம்தோறும் எலியம்மா எடுத்துக் கொடுக்கும் புழுக்கையைக் கண்ணாடி சோதித்து, எவ்வளவு தங்கியிருக்கிறது என்று எண்ணுவாள்.

நடந்தது தலைகீழ். சாதாரண எலிகளின் குடலில் அந்த பாக்டீரியா பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. எதிர்ப்பொருள் இல்லாத எலிகளிடமோ தங்கவே இல்லை. வந்தது, வழுக்கியது, புழுக்கையோடு வெளியே போனது. மூன்று முறை செய்து பார்த்தாள், மூன்று முறையும் அப்படியே. தன் கணக்கு தப்பாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. 'விலங்குப் பராமரிப்பில் குறைபாடு' என்று அறிக்கையில் எழுதினாள். பராமரிப்பு என்றால் எலியம்மா. அந்த வரியை எலியம்மாவுக்கு யாரும் காட்டவில்லை.

நான்காவது முறை நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. எதிர்ப்பொருள் இல்லாத நாற்பத்தொன்றாம் எண் தாய் முதல் நாள் தலைப்பிரசவம் கண்டிருந்தது. காலையில் எலியம்மா பெட்டியைப் பார்த்தால், ஏழு குஞ்சில் இரண்டைத் தாயே கடித்துத் தின்றிருந்தது. மற்ற ஐந்தையும் கூட்டுக்கு வெளியே தள்ளிவிட்டு மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. பிறந்த எலிக்குஞ்சின் தோல் அத்தனை மெல்லிசு, குடித்த பால் வயிற்றின் இடப்பக்கத்தில் வெள்ளைப் பொட்டாக வெளியே தெரியும். ஐந்தில் ஒன்றுக்கும் அந்தப் பொட்டு இல்லை. தொட்டால் சில்லென்று இருந்தன.

தாய் கைவிட்ட குஞ்சுகளை வாயுப் பெட்டியில் போட்டு முடித்துவிட வேண்டும் என்பது அந்த அறையின் விதி. எழுத்தில் அனுமதி இல்லாமல் வேறு தாயிடம் சேர்த்தால் வேலை போகும். முன்பு ஒருவர் அப்படிச் செய்து, அன்று மாலையே வீட்டுக்குப் போனார். விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. வேறு பெட்டிக் குஞ்சு கலந்தால் ஆராய்ச்சியில் எதையும் நம்ப முடியாது. அது எலியம்மாவுக்குத் தெரியாததா? வாயுப் பெட்டியைத் திறந்தும் வைத்தாள்.

கீழ்த்தட்டில் ஒரு சாதாரணத் தாய். அதற்கும் முதல் நாள்தான் பிரசவம், மூன்றே குஞ்சு, பால் வேண்டிய மட்டும் இருந்தது. எலியம்மா வாயுப் பெட்டியை மூடினாள். அந்தத் தாயைப் பத்து நிமிடம் தனியே எடுத்து வைத்தாள். அதன் அழுக்குச் சீவலைக் கையில் அள்ளி ஐந்து குஞ்சின் மேலும் மெல்லத் தேய்த்தாள். வாடை ஒன்றாகிவிட்டால் எலி எண்ணிப் பார்க்காது. ஐந்தின் வாலிலும் மையால் புள்ளி வைத்து மூன்றோடு கலந்துவிட்டுத் தாயைத் திரும்ப விட்டாள். தாய் முகர்ந்தது, நக்கியது, எட்டின் மேலும் படுத்துக்கொண்டது. மதியத்துக்குள் ஐந்து வயிற்றிலும் வெள்ளைப் பொட்டு. "சாப்பிட்டீங்களா கண்ணுங்களா" என்று கேட்டுவிட்டு எலியம்மா பெட்டியைத் தட்டில் வைத்தாள்.

வால் புள்ளி அழியாமல் தினம் மை வைத்தாள். வாரப் புழுக்கையை அந்த ஐந்திடமிருந்து தனியே எடுத்து, நாற்பத்தொன்றின் குஞ்சுகள் என்றே எழுதிக் கொடுத்தாள். இருபத்தோராம் நாள் பால் மறக்கடித்து ஐந்தையும் தனிப் பெட்டிக்கு மாற்றி, அட்டையில் தாய் எண் நாற்பத்தொன்று என்று உள்ளபடி எழுதினாள். யாருடைய பால் என்று எழுதவில்லை. அதற்கு அட்டையில் இடமும் இல்லை, அவளுக்குத் துணிச்சலும் இல்லை.

ஆறு வாரம் கழித்து இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். அவர் அறைச் சுவரில் பெரிய வரைபடம் தொங்கியது. பக்கத்தில் கண்ணாடி, கையைக் கட்டிக்கொண்டு.

"இதைப் பாருங்கம்மா," என்றார் இயக்குநர். "ஆன்டிபாடி இல்லாத எலிப் பெட்டி எல்லாத்துலயும் பாக்டீரியா இல்லை. இந்த ஒரு பெட்டியில மட்டும் முதல்ல நிறைய இருக்கு, அப்புறம் இறங்குது. எப்படி? இது அந்த ரக எலியே இல்ல. அட்டை மாறியிருக்கு. ஒரு அட்டை மாறினா தொண்ணூறையும் நம்ப முடியாது."

"அட்டை மாறல சார்."

"வயசாகுது, கண்ணு முன்ன மாதிரி இருக்காது. நான் கோபமா சொல்லல. 'கவனக்குறைவால் நடந்தது'ன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. கீழ பாட்டில் கழுவற இடத்துக்கு மாத்திடறேன். இன்னும் ஒன்றரை வருஷம், ஓட்டிட்டு நிம்மதியா போங்க. வெள்ளிக்கிழமை எலிங்களையெல்லாம் முடிச்சுட்டு அறையைக் காலி பண்ணிடலாம்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எலியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள். இருபத்தேழு வருடம் ஒரு பிசகு இல்லாமல் வேலை செய்துவிட்டு, கண் தெரியாத கிழவி என்று பெயர் வாங்கிக்கொண்டு பாட்டில் கழுவப் போவதா? உண்மையைச் சொன்னால் அந்தப் பாட்டிலும் கிடையாது, நேராக வீடுதான். எதையும் எழுதிக் கொடுக்காமல் வெளியே வந்தாள்.

மூன்று மணிக்குக் கணவர் வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றினார்.

"எழுதிக் குடுத்துட்டுப் போயேன்டி. ஒரு வரிதானே?"

"இடிக்காத வண்டியை இடிச்சேன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?"

அவர் சட்டையை மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "மாட்டேன்."

"சிக்னலைத் தாண்டியிருந்தா? தாண்டினேன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"தாண்டியிருந்தா குடுப்பேன். குடுத்துத்தானே ஆகணும்?"

"அவ்வளவுதான்," என்றாள் எலியம்மா.

மறுநாள் யாரும் கூப்பிடாமலே இயக்குநர் அறைக்குள் போனாள். கண்ணாடியும் இருந்தாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"சார், அட்டை மாறல. பால்தான் மாறிச்சு. அந்த அஞ்சு குஞ்சையும் தாய் தள்ளிடுச்சு. நான்தான் வேற தாய்கிட்ட விட்டேன். விதி தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன்."

கண்ணாடி வெடித்தாள். "என்னக்கா சொல்றீங்க? ரெண்டு வருஷ உழைப்பு! எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லாதது தப்பு. அட்டையில எழுதாததும் தப்பு. அதுக்கு என்ன வேணா பண்ணுங்க. குஞ்சைத் தூக்கி விட்டது தப்புன்னு மட்டும் என் வாயால வராது. இன்னொண்ணு மேடம். என் பராமரிப்புல குறைன்னு அறிக்கையில எழுதிட்டீங்களாமே, நேத்துத்தான் காதுல விழுந்துது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மூணு தடவை செஞ்சீங்க, மூணு தடவையும் ஒரே மாதிரிதானே வந்துது? குறைன்னா ஒரு தடவை அப்படியும் ஒரு தடவை இப்படியும்ல வரணும்?"

"போதும்மா," என்றார் இயக்குநர். "கவனக்குறைவுன்னா உங்களைக் காப்பாத்தியிருப்பேன். இது வேலை போற விஷயம்."

"கவனமில்லாதவன்னு பேர் எடுத்துட்டு இங்க இருக்கறதுக்கு, சொன்ன பேச்சு கேக்காதவன்னு பேர் எடுத்துட்டு வீட்டுக்குப் போறேன் சார்."

சொல்லிவிட்டாள். கண்ணாடியின் பார்வை இப்போது இவள்மேல் இல்லை, சுவரில் இருந்தது. நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கி, வரைபடத்துக்கு மிக அருகில் போனாள்.

"எந்தத் தாய்கிட்ட குடிச்சுது?"

"கீழ்த்தட்டு. சாதாரண ரகம்."

"எத்தனை நாள்?"

"இருபத்தோரு நாள். அப்புறம் பிரிச்சுட்டேன்."

கண்ணாடி வரைபடத்தில் விரலை வைத்தாள். இருபத்தோராம் நாள் வரை கோடு உச்சியில் நின்றது. அதற்குப் பிறகு வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. "பால்ல ஆன்டிபாடி இருக்குக்கா," என்றாள். குரலில் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. "சார், வெள்ளிக்கிழமை எதையும் முடிக்க வேண்டாம்." பதிலுக்கு நிற்காமல் ஓடிவிட்டாள்.

விசாரணை முடியும்வரை எலியம்மா எலி அறைக்குள் போகக் கூடாது என்று உத்தரவாயிற்று. மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வந்து எலி அறை வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளேதான் போகக் கூடாது என்றார்கள், வெளியே உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. அவளுக்குப் பதிலாக வந்த தற்காலிகப் பணியாளரைக் கதவுக்கண்ணாடி வழியாகவே அதட்டினாள். "பாட்டிலை அழுத்திச் செருகுங்க, சொட்டுது பாருங்க!" இரண்டாம் நாளிலிருந்து அவர் ஒவ்வொரு பெட்டியையும் அவளிடம் காட்டிவிட்டே தட்டில் வைத்தார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் கண்ணாடி வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐந்து எலியின் காதிலும் துளித் தோல் எடுத்துச் சோதித்ததில், ஐந்தும் எதிர்ப்பொருள் இல்லாத ரகமேதான் என்று தெரிந்துவிட்டது. அட்டை மாறவில்லை. "வாங்கக்கா, ஒண்ணு காட்டறேன்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். பால் குடித்த காலத்தில் எடுத்து உறையவைத்திருந்த புழுக்கையில், எதிர்ப்பொருள் இருந்தால் பச்சையாக ஒளிரும் சாயத்தைச் சேர்த்திருந்தாள். எலியம்மா நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். ஒவ்வொரு பாக்டீரியாவைச் சுற்றியும் பச்சை விளிம்பு. பால் மறந்த பிறகு எடுத்ததில் பச்சையே இல்லை, பாக்டீரியாவும் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தது.

"ஆன்டிபாடி ஒட்டினா அது விரட்டத்தான்னு நினைச்சேன்க்கா," என்றாள் கண்ணாடி. "இந்த நல்ல பாக்டீரியா மேலயும் அது ஒட்டுது. ஆனா விரட்டல. குடல் சுவர்ல சளி மாதிரி ஒரு பூச்சு இருக்குல்ல, அதுல புடிச்சு நிக்க வைக்குது. அது இல்லாததாலதான் மத்த பெட்டியில எல்லாம் நிக்கல. உங்க பராமரிப்புல குறையே இல்ல. அந்த வரியை அடிச்சுட்டேன்."

"எழுதும்போது யாரைக் கேட்டீங்க?" என்றாள் எலியம்மா. இருந்தாலும் இன்னொரு முறை குனிந்து அந்தப் பச்சையைப் பார்த்தாள்.

வீட்டில் இதைச் சொன்னபோது கணவருக்குச் சட்டென்று பிடிபட்டது. "கண்டக்டர்னா டிக்கெட் இல்லாதவனை இறக்கி விடறவன்னு நினைச்சாங்களாக்கும். படியில தொங்கறவனைக் கையைப் புடிச்சு உள்ள இழுக்கறதும் அவன்தானே?"

அடுத்த நான்கு மாதம் கண்ணாடி இதையே முறையாக அனுமதி வாங்கிப் பன்னிரண்டு ஈற்றில் செய்து பார்த்தாள். குஞ்சுகளைத் தாய் மாற்றி விடும் கை வேறு யாருக்கும் வரவில்லை. தற்காலிகப் பணியாளர் விட்ட முதல் ஈற்றைத் தாய் தின்றே தீர்த்தது. வேறு வழியில்லாமல் எலியம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். பன்னிரண்டிலும் அதே பதில் வந்தது.

பிறகு ஒருநாள் இயக்குநர் சிரித்த முகத்தோடு கூப்பிட்டனுப்பினார். இம்முறை தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா. அந்த முதல் அஞ்சு குஞ்சும் திட்டத்துல இருந்ததுதான்னு அறிக்கையில எழுதிடலாம். 'திட்டமிட்டுத் தாய் மாற்றப்பட்டது'ன்னு. உங்க மேல விசாரணையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பழைய இடத்துலயே இருங்க."

வேலை கையில் இருக்கிறது. பெயரில் கறை இல்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனால் முடிந்தது.

"யாரு சார் திட்டம் போட்டது?"

"அது... நாமதான். ஆராய்ச்சிக்கூடம்."

"உங்க திட்டத்துல அந்த அஞ்சும் வாயுப் பெட்டியில இருந்துது சார். அதை நான்தான் திறந்தேன், மூடினேன். என் பேரை அறிக்கையில போடுங்கன்னு நான் கேக்கல. ஆனா இல்லாத திட்டத்தைப் போடாதீங்க. நான் விதியை மீறினேன். அதுக்கு என்ன காகிதம் குடுக்கணுமோ அதைக் குடுங்க."

"எச்சரிக்கைக் கடிதமா? அது உங்க கோப்புல நிக்கும்மா. ஓய்வு பெறுற வரைக்கும் நிக்கும்."

"நிக்கட்டும்."

"கேட்டு வாங்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்," என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த கண்ணாடி, "சார், அறிக்கையை நான் நடந்தபடியே எழுதிடறேன்" என்றாள். கடிதம் அன்று மதியமே தட்டச்சாகி வந்தது. எலியம்மா எழுத்துக்கூட்டி முழுவதும் படித்துவிட்டு ஓர் இடத்தில் விரல் வைத்தாள். 'கவனக்குறைவாக' என்று இருந்தது. அதை மாற்றாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றாள். மாற்றிக் கொடுத்தார்கள்.

மாலையில் வீட்டில் நாத்தனாரும் இருந்தாள். கணவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைச் சத்தமாகப் படித்தார்: "விதிகளை நன்கு அறிந்திருந்தும், வேண்டுமென்றே, தாய் கைவிட்ட ஐந்து குஞ்சுகளை அனுமதியின்றி வேறொரு தாயிடம் சேர்த்துக் காப்பாற்றியமைக்காகத் தாங்கள் கடுமையாக எச்சரிக்கப்படுகிறீர்கள்."

"இதுல சந்தோஷப்பட என்ன அண்ணி இருக்கு? திட்டி எழுதியிருக்காங்க," என்றாள் நாத்தனார்.

எலியம்மா காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "மறுபடி படிங்க," என்றாள் கணவரிடம். "அந்த 'வேண்டுமென்றே'யில இருந்து."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.